மவுண்ட் ரோட்டில் தினமும் சைக்கிள்: சத்தம் என்ன செய்யும், என்ன செய்யாது

கேள்வி இதுதான்: "சைதாப்பேட்டையிலிருந்து ராயப்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மவுண்ட் ரோடு வழி. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் காதில் ஙொய்யென்று ஒரு ரீங்காரம். யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. 'காது போயிடும், பேசாம ஒரு பைக் வாங்கு' என்கிறார்கள் வீட்டில். நிஜமாகவே காது போய்விடுமா? ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டலாமா? இல்லை, சைக்கிளை விட்டுவிடுவதுதான் நல்லதா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளை விட வேண்டாம், மவுண்ட் ரோட்டை விடுங்கள். ஹெட்போனை மாட்டாதீர்கள். ரீங்காரத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தடவை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு.

தொழிற்சாலைகளில் ஒலி அளவு எடுத்து அறிக்கை கொடுப்பது என் வேலை. நூற்பாலை, பிரஸ் ஷாப், ஜெனரேட்டர் அறை என்று இருபது வருடமாக மீட்டரும் கையுமாகத் திரிகிறேன். சைக்கிளும் ஏறக்குறைய அதே இருபது வருடம். அதனால் இந்தக் கேள்வியை நானே எனக்குப் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறோம். டெசிபல் கணக்கு ரூபாய் கணக்கு மாதிரி இல்லை. எண்பதும் எண்பதும் சேர்ந்தால் நூற்றறுபது ஆகாது, 83 ஆகும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகும். 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. ஆனால் 10 டெசிபல் கூடும்போது "சத்தம் இரண்டு மடங்கு ஆச்சு" என்று மட்டும்தான் நமக்குத் தோன்றும். உள்ளே போவது பத்து மடங்கு, உணர்வது இரண்டு மடங்கு. காதைக் கெடுக்கும் சத்தத்தை மனிதர்கள் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேலையிடத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல், அதற்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆராய்ச்சி நிறுவனம். 88 ஆனால் நான்கு மணி நேரம், 91 ஆனால் இரண்டு மணி நேரம். மூன்று மூன்றாக ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். நம் ஊர்த் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை விடுகின்றன. என்னைக் கேட்டால் அது அதிகம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை ஒன்பது மணிக்கு மவுண்ட் ரோட்டின் இடது ஓரத்தில் சராசரி 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மிகை இல்லை. போக வர 80 நிமிடம். இதை எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் 72 டெசிபல்தான் வருகிறது. 85-க்கு வெகு கீழே. தொழிற்சாலை அளவுகோலை வைத்துப் பார்த்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை. இன்னும் கண்டிப்பான அளவுகோல் ஒன்று இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் காது கெடாமல் இருக்க 24 மணி நேரச் சராசரி 70-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1974-இல் சொன்னது. உங்கள் சைக்கிள் பயணம் ஒன்றே 67 வரை கொண்டுபோய்விடுகிறது. அதுவும் மிச்ச 22 மணி நேரமும் பூரண அமைதியில் இருந்தால்! ஆபீஸ் ஏசி, கேண்டீன், டிவி, பக்கத்து மனையில் போர் போடுவது எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

ஆகவே அந்தச் சீரான இரைச்சல் மட்டும் என்றால், அது உங்கள் காதைச் செவிடாக்கிவிடாது. எல்லைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் நம் சாலையில் சத்தம் சீராக எங்கே இருக்கிறது? ஹாரன் இருக்கிறதே.

கார் ஹாரனுக்கு விதியில் சொல்லியிருக்கும் அளவு 7 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது 93-க்குக் குறையாமல், 112-க்கு மேற்படாமல். ஏழு மீட்டர்! சைக்கிளில் போகிற உங்களுக்குப் பின்னால் எந்தக் கார் ஏழு மீட்டர் தள்ளி வருகிறது? இரண்டு மீட்டர், சில சமயம் ஒன்றரை. தூரம் பாதியானால் ஹாரன் மாதிரி ஓர் இடத்திலிருந்து வரும் சத்தம் 6 டெசிபல் கூடும். அதாவது சட்டப்படி பொருத்திய, எந்தக் குறையும் சொல்ல முடியாத ஒரு சாதாரண ஹாரன்கூட உங்கள் காதருகே 100-ஐச் சுலபமாகத் தாண்டும். கார்க்காரருக்குக் கண்ணாடியும் ஏசியும் இருக்கின்றன. தன் ஹாரன் வெளியே எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

காதில் 100 டெசிபலாக ஒரு விநாடி விழும் ஹாரனும், 80 டெசிபல் இரைச்சலில் 100 விநாடி இருப்பதும் ஆற்றல் கணக்கில் ஒன்றுதான். அப்படியானால் ஒரு விநாடி ஹாரனை இருபத்து நான்கு தடவை வாங்கினால் 2,400 விநாடி, அதாவது உங்கள் நாற்பது நிமிடப் பயணம் முழுவதற்கும் சமம். சைதாப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை வருவதற்குள் இருபத்து நான்கு வாங்கியிருப்பீர்கள். காதுக்கு வரும் சுமையில் பாதிக்கு மேல் ஹாரனால்தான் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். உங்கள் ரீங்காரத்துக்கும் அதுவே முக்கியக் காரணமாக இருக்கும். உட்காதில் காக்ளியா என்ற நத்தைக்கூடு இருக்கிறது. அதில் இருக்கும் மெல்லிய மயிர் செல்கள் திடீர்ச் சத்தத்தில் களைத்துப்போகின்றன. ஓய்வு கிடைத்தால் மீண்டுவிடும். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் சில செல்கள் மீளாது, செத்துப்போன செல் மறுபடி முளைக்காது.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே எனக்கு அதிகக் கவலை உங்களைப் போல வேலைக்குப் போய் வருகிறவர்களைப் பற்றி இல்லை. நாள் முழுக்க ரோட்டிலேயே இருப்பவர்களைப் பற்றித்தான். பாரிமுனையில் கேரியரில் எவர்சில்வர் டீ கேனைக் கட்டிக்கொண்டு கடை கடையாகச் சுற்றும் ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். காலை ஆறுக்கு ஆரம்பித்தால் இருட்டும் வரை சைக்கிள்தான். ஒரு நாள் அவர் கேன் குழாயைத் திறந்து டீ பிடித்துக்கொண்டிருந்தபோது, வலது பக்கம் நின்று "அண்ணே, சர்க்கரை கம்மியா" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். அப்புறம் இடது காதைத் தொட்டுக் காட்டி, "இப்படி வந்து சொல்லு சார்" என்றார். நூற்பாலைகளில் நான் பார்த்திருக்கிறேன், பழைய ஆட்கள் இப்படித்தான் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அவருக்கு வயதும் அறுபதுக்கு மேல், அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் வலது காது என்பதுதான் எனக்கு உறுத்தியது. நம் ஊரில் சைக்கிள் இடது ஓரத்தில் போகும், வண்டிகள் வலது பக்கமாகத்தான் உரசிக்கொண்டு கடக்கும். அவருடைய கணக்கைப் போட்டால், பத்து மணி நேரம் 80 டெசிபல் என்றாலே 24 மணி நேரச் சராசரி 76. ஹாரனைச் சேர்க்காமல். தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் காதடைப்பான் கொடுக்கவும் வருடாவருடம் செவித்திறன் பார்க்கவும் ஒரு ஏற்பாடாவது இருக்கிறது. டீ கேன்காரருக்கும் கீரை, மீன் கொண்டுபோகிறவருக்கும் சைக்கிளில் உணவு டெலிவரி செய்கிற பையனுக்கும் ரோடுதான் தொழிற்சாலை, அங்கே மீட்டர் பிடித்துக்கொண்டு யாரும் வருவதில்லை.

சரி, காதை விட்டு எரிச்சலுக்கு வருவோம். நீங்கள் அதைத் தனியாகக் குறிப்பிட்டது எனக்குப் பிடித்தது. பெரும்பாலானவர்கள் "டிராஃபிக் டென்ஷன்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

பின்னாலிருந்து எதிர்பாராத பெரிய சத்தம் வந்தால் யோசிப்பதற்கு முன்பே உடம்பு துள்ளிவிடும். கண் இமைக்கும், கழுத்தும் தோளும் இறுகும், கை எதைப் பிடித்திருக்கிறதோ அதை நசுக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு திடுக்கிடல், அதோடு முடிந்தது. சைக்கிளில் போகிறவர் கையில் இருப்பதோ ஹேண்டில்பார். அது ஒரு இன்ச் திரும்பினாலும் முன் சக்கரம் விலகும். பின்னால் வந்த பஸ் ஏர் ஹாரன் அடித்ததும் முன்னால் போகிற வயதானவரின் சைக்கிள் வலப்பக்கமாக, அந்த பஸ்ஸை நோக்கியே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேராவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரன் அவரைக் கிட்டே இழுத்தது. ஹாரன் பாதுகாப்புக்காக என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும்.

ஒவ்வொரு திடுக்கிடலுக்கும் அட்ரினலின் ஊறும், இதயம் வேகமாகும், இரத்தக் குழாய்கள் சுருங்கும். தொடர்ந்து நடந்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறும். காட்டில் புலி சத்தத்துக்கு ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. புலி வந்தால் ஓடி முடித்ததும் அது அடங்கும். மவுண்ட் ரோட்டில் அடங்குவதற்குள் அடுத்த ஹாரன் வந்துவிடுகிறது. நாற்பது நிமிடமும் யார் எங்கிருந்து இடிப்பார்கள் என்ற உஷாரிலேயே உடம்பு இருந்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்காரும்போது, யார் என்ன கேட்டாலும் எரிச்சல் வருவதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் சுபாவத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

"எனக்கெல்லாம் பழகிடுச்சு" என்று சொல்பவர்கள் நிறைய. மனசுக்குப் பழகும், அது உண்மைதான். உடம்புக்கு முழுதாகப் பழகுவதில்லை. சாலையோர வீடுகளில் தூங்குகிறவர்களை ஆராய்ந்தபோது, பல வருடமாக அங்கேயே இருப்பவர்கள், விழித்துக்கொள்ளவே இல்லை என்று சொல்கிறவர்கள், அவர்களுடைய இதயத் துடிப்பும் லாரி சத்தத்துக்கு ஏறி இறங்கியிருக்கிறது.

இதன் நீண்டகால விளைவைப் பற்றிய பெரிய ஆய்வுகள் ஐரோப்பாவில் நடந்தவை. டென்மார்க்கில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டருகே சாலைச் சத்தம் 10 டெசிபல் கூடும்போது மாரடைப்பு அபாயம் 12 சதவீதம் கூடியிருந்தது. சாலைச் சத்தத்தின் சராசரி 53 டெசிபலுக்குள்ளும், இரவில் 45-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் பரிந்துரைத்தது. இவை வீட்டில் விழும் சத்தத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். ஒன்றேகால் மணி நேரச் சைக்கிள் பயணத்துக்கு அந்த 12 சதவீதத்தை அப்படியே தூக்கிப் போட்டுப் பயப்பட வேண்டாம். உங்களுக்கு எரிச்சலை உண்டாக்குகிற வழிதான் இன்னொருவருக்கு இருபது வருடத்தில் இரத்த அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று புரிந்துகொண்டால் போதும். சைக்கிள்காரரையே நேராக அளந்தவர்களும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியால் நகரைச் சேர்ந்த பிலிப் அப்பாரிசியோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு மாண்ட்ரியாலில், ஹோ சி மின் நகரில், டெல்லியில் எல்லாம் ஒலிமானியும் காற்றுமானியும் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டி அளவெடுத்தது. சாலையோரக் கம்பத்தில் மாட்டிய கருவி காட்டுவது ஒன்று, ஓட்டுகிறவரின் காதில் விழுவது வேறு. இந்த மாதிரி வேலை இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

இப்போது ஹெட்போன். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை, வேண்டாம். சைக்கிளில் கண்ணாடி இல்லை. பின்னால் வருவது ஆட்டோவா, பஸ்ஸா, கிட்டத்தில் வருகிறதா, வேகம் குறைக்கிறதா என்பதையெல்லாம் நாம் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஆட்டோவின் படபட சத்தம் வலது பின்னாலிருந்து வலது முன்னால் நகர்வதைக் கேட்டே "சரி, கடந்துவிட்டான்" என்று தெரிந்துகொள்கிறோம். இரைச்சல் செய்கிற இன்னொரு கெடுதலும் இதில்தான் இருக்கிறது. பஸ் எஞ்சினின் கனத்த உறுமலானது டயர் உராய்கிற சத்தம், சின்ன வண்டியின் சத்தம், சைக்கிள் மணி, மனிதக் குரல் எல்லாவற்றையும் மூடிவிடும். தாழ்ந்த சுருதியில் பெரிய சத்தம் இருந்தால் அதற்கு மேலான சுருதிகள் கேட்காமல் போவது காதின் இயல்பு. மவுண்ட் ரோட்டில் பாதிச் செவிடாகத்தான் நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் ஹெட்போன் என்றால் மிச்சப் பாதியும் போச்சு. காதுக்கும் அது நல்லதில்லை. சுற்றிலும் 80 இருக்கும்போது பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை அதற்கு மேல் ஏற்ற வேண்டும். தொழிற்சாலைக்குள் வைக்கக் கூடாத அளவை நாமே காதுக்குள் வைத்துக்கொள்வதாக ஆகும்.

நுரை ரப்பர் காதடைப்பானும் ரோட்டில் வேண்டாம். அது காதைக் காப்பாற்றும், ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற உணர்வைக் குழப்பிவிடும். ஜெனரேட்டர் அறையில் நிற்பவருக்கு அது தேவையில்லாத விவரம், உங்களுக்கு அதுதான் உயிர்.

காற்றுச் சத்தத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில், சைக்கிளில் போகும்போது காதில் உராயும் காற்று எவ்வளவு சத்தம் போடுகிறது என்று காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறக்குறைய 85 டெசிபல். வேகம் ஏற ஏற இதுவும் ஏறும். நெடுந்தூரம் வேகமாக ஓட்டுகிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஆட்கள் இதை யோசிக்க வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற நமக்கு ஹாரன்தான் பெரிய பிரச்சினை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரிய சாலையிலிருந்து ஒரே ஒரு தெரு உள்ளே போனால் போதும், கதையே மாறிவிடும். சாலை இரைச்சல் ஒரு நீளக் கோட்டிலிருந்து வருவது மாதிரி. அதிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்காகும்போது 3 டெசிபல் குறையும். நடுவில் வரிசையாகக் கட்டிடங்கள் நின்றால் பத்து, அதற்கு மேலும் குறையும். பத்து குறைந்தால் காதுக்கு வரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு. அதே நாற்பது நிமிடத்தில் நான்கு நிமிட மவுண்ட் ரோடுதான் காதில் ஏறும். உட்தெருவில் வண்டிகள் மெதுவாகப் போவதால் ஹாரனும் குறைவு. ஜெர்மனியின் ஃப்ரைபூர்க் நகரில் கேட்டபோது சைக்கிள்காரர்கள் பலர் ஆபத்து, சத்தம், புகை மூன்றுக்கும் பயந்து சுற்று வழியில் போவதாகத்தான் சொன்னார்கள். சுற்றிப் போவது கோழைத்தனமும் இல்லை, நேர விரயமும் இல்லை.

உங்களுக்கு என்றால், நந்தனம் சிக்னலில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறவர்களோடு சாலையைக் கடங்கள். டர்ன்புல்ஸ் சாலை பக்கம் போய், போட் கிளப் பகுதித் தெருக்களில் நுழைந்து, சேமியர்ஸ் சாலையைக் குறுக்கே கடந்து, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் உட்தெருக்கள் வழியாக ராயப்பேட்டைக்கு வந்துவிடலாம். பத்து நிமிடம் கூடும். மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு போட்ட சாலையை மட்டும் தவிருங்கள். தகரம் சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் தகரம், நடுவில் நீங்கள் என்றால் இரண்டு காதுக்கும் சேர்த்து விழும். மேம்பாலத்தின் அடியிலும் சுரங்கப்பாதையிலும் இதே கதைதான்.

எந்தத் தெரு நல்ல தெரு என்று தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். பெடலை மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளைத் தானாக ஓடவிடுங்கள். பின் சக்கரத்து ஃப்ரீவீலின் டிக் டிக் டிக் சத்தம் காதில் விழுகிறதா? விழுந்தால் அது ஓட்டத் தகுந்த தெரு. மவுண்ட் ரோட்டில் செய்து பாருங்கள், சக்கரம் சுற்றுவதே தெரியாது. போட் கிளப் மரங்களுக்குக் கீழே வந்ததும் திடீரென்று அந்த டிக் டிக் கேட்க ஆரம்பிக்கும். சில இடங்களில் செயின் எண்ணெய் கேட்பதுகூடக் காதில் விழும். நான் இருபது வருடமாக வழி தேர்ந்தெடுப்பது இப்படித்தான். இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் உண்டு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அங்கே 85 டெசிபல் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே அதிக நேரம் நிற்காதீர்கள்.

பெரிய சாலையில் போகவே வேண்டிய இடங்களில், சிக்னலில் பஸ்ஸுக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், விளக்கு மாறும் அந்தக் கடைசி ஐந்து விநாடியில்தான் எல்லோரும் சேர்ந்து அடிப்பார்கள். முடிந்தால் எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

பைக் வாங்கினால் காது தப்பும் என்பதும் தப்புக் கணக்கு. அதே சாலை, அதே ஹாரன், வேகம் கூடுவதால் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் வேறு. உட்தெரு வழியும் போய்விடும், ஏனென்றால் பைக்கில் யாரும் சுற்றிப் போக மாட்டார்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் தெரு நம் தெரு இல்லைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய லாபத்தை ஹாரனுக்குப் பயந்து விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனி மனிதர் வழி மாற்றிக்கொள்வது ஒரு பக்கம். டீ கேன்காரர் வழி மாற்ற முடியாது, அவருடைய கடைகள் எல்லாம் பெரிய சாலையில்தான் இருக்கின்றன. அவருக்காகச் சாலைதான் மாற வேண்டும். சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கடைத்தெருப் பகுதியில் பகலில் 65 டெசிபல்தான் எல்லை, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு 50. மவுண்ட் ரோட்டின் 80 என்பது 65-ஐ விட ஆற்றலில் முப்பது மடங்குக்கு மேல். தேவையில்லாமல் தொடர்ந்து ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்தார்கள். மும்பை காவல்துறை சிக்னல் கம்பத்தில் டெசிபல் மீட்டரைக் கட்டி, சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி செய்து பார்த்தது, 2020 ஜனவரியில் அதன் வீடியோ எங்கும் பரவியது. காத்மாண்டுவில் 2017 ஏப்ரலில், நேபாளப் புத்தாண்டிலிருந்து, தேவையற்ற ஹாரனையே தடை செய்தார்கள். நம் சாலைகளைப் போலவே நெரிசலும் பைக்குகளும் உள்ள ஊர் அது. அங்கே செய்யலாம் என்றால் இங்கே முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. அதில் நான் கேட்பது ஒன்றுதான். சைக்கிள் பாதை என்று பெரிய சாலையின் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடிப்பதற்குப் பதில், உட்தெருக்களை இணைத்து ஒரு தொடர் வழி கொடுங்கள். நெதர்லாந்தில் பல ஊர்களில் கார் போகும் முக்கிய வழியும் சைக்கிள் போகும் முக்கிய வழியும் ஒரே சாலையில் இருக்காது, வேண்டுமென்றே பிரித்துவைத்திருப்பார்கள். அதனால் விபத்து குறைகிறது என்பது தெரிந்த விஷயம், ஓட்டுகிறவரின் காதும் அதே செலவில் பிழைக்கிறது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் தெருக்கள் ஏற்கெனவே இருக்கின்றன, பெரிய சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் ஒரு சிக்னலும் சில வழிகாட்டிப் பலகைகளும் வைத்தால் போதும்.

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து மாநகர மின்சார பஸ்கள் ஓட ஆரம்பித்தன. நிறுத்தத்திலிருந்து அது கிளம்பும்போது பக்கத்தில் சைக்கிளில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், அந்த உறுமலே இல்லை. மெதுவாகப் போகும்போது எஞ்சின் சத்தம்தான் பெரிது, வேகம் பிடித்துவிட்டால் டயர் சத்தம் பெரிது, அதனால் நம் நெரிசலில் மின்சார வண்டியால் லாபம் அதிகம். ஆனால் சத்தமே இல்லாமல் பின்னால் வருவதும் சைக்கிள்காரருக்கு ஆபத்துதான். அதற்காகத்தான் ஐரோப்பாவில் மின்சாரக் கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரை மெல்லிய ஒரு ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். பஸ் கிட்டே வரும்போது ஒரு ரீங்காரம் கேட்டால் போதும், நாம் ஒதுங்கிக்கொள்வோம்.

கடைசியாக உங்கள் காது. ரீங்காரம் அரை மணி நேரத்தில் அடங்குகிறது என்கிறீர்கள், அதுவரை நல்லது. வழியை மாற்றி இரண்டு மூன்று வாரம் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒரு ஆடியோமெட்ரி, அதாவது செவித்திறன் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். மறுநாள் காலையிலும் ரீங்காரம் கேட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இதைச் செய்வார்கள். சத்தத்தால் வரும் சேதம் பரிசோதனை வரைபடத்தில் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் சுருதிப் பக்கம் ஒரு பள்ளமாகத் தெரியும், மற்றவர் பேச்சு நன்றாகக் கேட்கும்போதே அது விழுந்திருக்கலாம். அதனால் அறிக்கையில் 3,000, 4,000, 6,000 மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், வலது இடது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பரிசோதனைக்கு முன் குறைந்தது பதினான்கு மணி நேரம் காது ஓய்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் களைப்பு எது, சேதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போங்கள். அன்று ஒரு நாள் மட்டும் சைக்கிள் வீட்டில் நிற்கட்டும்.